சின்ன ஸ்கூட்டர், நீள ரோடு: அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ, அம்மிணி!

ஸ்கூட்டரில் ரெண்டு நாள் ஊர் சுற்ற முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். மைசூர்க்காரர் கிருஷ்ணகுமார் 2018இல் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, அப்பா கொடுத்த பழைய பஜாஜ் சேட்டக்கில் நாடு முழுக்கக் கோயில் கோயிலாகக் கிளம்பினார். நேபாளம், பூட்டான்கூட விட்டுவைக்கவில்லை. அனம் ஹாஷிம் என்கிற பெண் 2015இல் 110 சிசி ஸ்கூட்டி ஜெஸ்ட்டை லடாக்கில் கர்துங்லா கணவாய்க்கே ஏற்றிவிட்டார். அதனால் வண்டியைக் குறை சொல்லாதே. வண்டிக்குத் தகுந்த ரோட்டைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து கிளம்பும்போது பெருந்துறை, விஜயமங்கலம் வழியாக அவிநாசி போகிற பைபாஸை மறந்துவிடு. பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் சர்ரென்று போனால் போதும், அந்தக் காற்றிலேயே வண்டி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். வடக்கே போவதென்றால் சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தி. கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்றால் பவானி, அந்தியூர் வழியாகக் கோபி. தெற்கே வெள்ளோடு, சென்னிமலை, காங்கேயம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்குப் போடு. டீ, இளநீர், போட்டோ எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஆசைப்படாதே. அதற்கு மேல் போனால் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும், வயல் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கூட்டர் சக்கரம் சின்னது. பைக் ஏறி இறங்கிப் போகிற குழியில் நம் வண்டி விழுந்துதான் எழும். இந்தப் பக்கம் ஒவ்வொரு ஊர் வாசலிலும் பெயின்ட் அழிந்த வேகத்தடை ஒன்று காத்திருக்கும். முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் பின்பக்கம் தூக்கிப்போடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அறுப்புக் காலத்தில் எள்ளு, கொள்ளு, ராகிக் கதிர் எல்லாம் ரோட்டிலேயே காயும். வண்டி ஏறி மிதிக்கட்டும் என்றுதான் போடுகிறார்கள், ஆனால் அது நான்கு சக்கர வண்டிக்கு. நீ அதன் மேல் போய் பிரேக் பிடித்தால் சோப்பு நுரையில் கால் வைத்த கதைதான். பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக மெதுவாகப் போய்விடு. அப்புறம் மயில். இப்போது கொங்கு நாட்டில் கோழியைவிட மயில்தான் அதிகம் போல! ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னும் ரெண்டு வரும், நின்று விட்டுப் போ.

ஆடிக் காற்றில் காங்கேயம் பக்கம் போகாமலிருந்தால் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெட்டவெளியில் பக்கவாட்டில் அடிக்கும். ஆகஸ்ட் பாதிக்கு மேல் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிற வாய்க்கால். நாற்று நட்டதும் அந்த ஆயக்கட்டு முழுக்கப் பச்சை. நம் ஊரைப் பார்க்க அதுதான் சீசன். வாய்க்கால் கரையில் நிழல் இருக்கும், உட்காரு, ஆனால் இறங்கிக் குளிக்காதே. பார்க்கச் சாதுவாகத் தெரிகிற அந்தத் தண்ணீர் இழுக்கிற இழுப்பு வேறு.

சீட்டுக்கு அடியில் என்ன வைக்கிறாய் என்பதில் கவனம். இன்ஜின் சூடு அங்கேதான் ஏறும். மாத்திரை, பவர்பேங்க், சாக்லேட் எதையும் அங்கே வைக்காதே. ரெயின்கோட், பஞ்சர் கிட், ஒரு செட் துணி போதும். கனமான பை கால் வைக்கிற இடத்தில் இருந்தால் வண்டி ஆடாது. ஸ்கூட்டருக்கு ஸ்டெப்னி கிடையாது, ஆகவே கிளம்புகிற அன்று காலையில் டயர் சூடாகும் முன் காற்று பார்த்துவிடு. பின்னால் ஆள் இருந்தால் பின் டயருக்கு எவ்வளவு கூட்டணும் என்று கம்பெனி புக்கிலேயே இருக்கும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள். ஹெல்மெட் ரெண்டு பேருக்கும், அதில் பேச்சே இல்லை. வழியில் பாத்ரூமுக்குப் பெட்ரோல் பங்க்தான் நம்பிக்கை. கூச்சப்படாமல் கேள்.

பண்ணாரிக்கு மேலே திம்பம் மலை ஏறணும் என்று ஆசை வந்தால் மட்டும் அக்கா கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சத்தியில் டேங்கை நிரப்பு. காலையில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடு. அது புலிகள் காப்பகம்; 2022இலிருந்து ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடையும் இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவு. லாரி திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், ஹாரன் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றுவிடு. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை ஆஃப் பண்ணுகிறவர்களைப் பார்த்திருப்பாய், அந்த வேலை வேண்டாம். நம் வண்டியில் கியர் இல்லை, இன்ஜின் பிடித்து இழுப்பதும் குறைவு. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். அழுத்து, விடு, அழுத்து, விடு. நாலு வளைவுக்கு ஒருமுறை அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆறவிடு.

இன்னொன்று, முன் கொக்கியில் வாழைப்பழச் சீப்பு, கரும்பு எதையும் தொங்கவிட்டு அந்தக் காட்டுக்குள் போகாதே. ஆசனூர்ப் பக்கம் யானைகள் கரும்பு லாரியையே மறித்து உருவித் தின்கிறவை. எதிரே யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்து, ஹாரன் அடிக்காதே, போட்டோ எடுக்கக் கிட்டே போகாதே. பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் அதை முன்னால் விட்டுப் போ.

ராத்திரித் தங்க கோபியிலும் சத்தியிலும் லாட்ஜ் இருக்கிறது. சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று அங்கே போனால் செலவு மிச்சம்தான். ஆனால் போனதும் கோழி அடிப்பார்கள், காலையில் சந்தவை பிழியாமல் விடமாட்டார்கள், ஒன்பது மணிக்கு முன்னால் வண்டி சாவி உன் கைக்கு வராது. அடுத்த நாள் திம்பம் போவதாக இருந்தால் லாட்ஜே எடு. சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பி வரும்போது போய்க்கொள்ளலாம்.