ஐந்து போல்ட்டும் பொருந்தினால் போதுமா?

நேர்கோட்டில் கார்கள் முந்தும் டிராக் ரேஸ் நடக்கும் அமெரிக்க டிராக் ஸ்ட்ரிப்புகள் பல, குறிப்பிட்ட மாலைகளில் சாலைக் கார்களுக்கும் வழிவிடுகின்றன. பகலில் அலுவலகம் போய்வந்த ஃபோர்டு மஸ்டாங், அதே நம்பர் பிளேட்டோடு வந்து பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கும். ஓட வேண்டிய தூரம் கால் மைல், 402 மீட்டர். அப்படிப்பட்ட காருக்கு வீலும் டயரும் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் சில நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றில் சில பணத்தோடு போகும், சில ஆளையே கவிழ்த்துவிடும். 2015இல் வந்த மஸ்டாங் ஜிடியை வைத்தே பார்ப்போம்.

நம்பிக்கை: போல்ட் துளைகள் பொருந்தினால் வீல் பொருந்திவிடும்.

மஸ்டாங்குக்கு ஐந்து போல்ட், 114.3 மி.மீ. வட்டம். இதே வட்டம் ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கும் உண்டு. துளை பொருந்துவதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை, முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை.

டிராக் ரேஸில் 15 அங்குல ரிம்முக்குத்தான் மவுசு. ரிம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரும். கிளம்பும் நொடியில் இன்ஜின் கொடுக்கும் உதையை அந்தச் சுவர் வாங்கிக்கொள்ளும். ஆனால் பெர்ஃபாமன்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பு உள்ள ஜிடியில் முன் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 380 மி.மீ. 15 அங்குலம் என்பது 381 மி.மீ., அதுவும் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் எடுத்த அளவு. அதற்குள் ரிம்மின் தடிமன் போக வேண்டும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் வேறு அதற்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நுழையாது. பின் டிஸ்க் 330 மி.மீ. அங்கேயும் இடம் நெருக்கடிதான். அதனால் பின் பிரேக்கையே சிறிதாக்கும் கிட் வாங்கிப் போடுகிறார்கள். காரின் எடையும் குறையவில்லை, வேகமும் குறையவில்லை, நிறுத்துகிற டிஸ்க் மட்டும் சிறிதாகிறது. மறுநாள் காலை குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடும் காரில் இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதற்குத் தேவையும் இல்லை, 17, 18 அங்குல ரிம்மிலும் ஏறத்தாழ அதே உயர டயர் கிடைக்கிறது. 275/60 ஆர்15 டயரின் உயரம் கணக்குப்படி 711 மி.மீ. 305/45 ஆர்17 என்றால் 706, 315/40 ஆர்18 என்றால் 709. மூன்றும் ஏறத்தாழ 28 அங்குலம்தான். பக்கச்சுவர் குறைவது உண்மை. ஆனால் 2018இல் டாட்ஜ் விற்ற 840 குதிரைத்திறன் டீமன், கடைசியாகச் சொன்ன அந்த 18 அங்குல அளவில், நிட்டோவின் டிராக் ரேடியலோடுதான் (சாலையிலும் ஓட்டக்கூடிய டிராக் ரேஸ் டயர்) தொழிற்சாலையிலிருந்து வந்தது.

அடுத்தது பேக்ஸ்பேசிங். ஹப்பில் வீல் படியும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம் அது. ‘10 அங்குல ரிம்’ என்பது டயர் உட்காரும் இடத்து அகலம், விளிம்புகளையும் சேர்த்தால் சுமார் 11 வரும். அதில் பாதி 5.5. பேக்ஸ்பேசிங் 7.25 அங்குலம் என்றால் மிச்சம் 1.75, அதாவது 44 மி.மீ. இதுதான் ஆஃப்செட், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் விலகியிருக்கும் தூரம். பலரும் 10ஐப் பாதியாக்கி 5 என்று கணக்குப் போடுகிறார்கள். அரை அங்குலம் பிசகுகிறது. அந்த அரை அங்குலத்தில்தான் டயர் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும், அல்லது வெளியே ஃபெண்டர் விளிம்பில் அறுபடும்.

ஜாக்கில் தூக்கி வைத்து மட்டும் அளக்காதீர்கள், சக்கரம் தொங்கி நிற்கும். கிளம்பும்போது பின்பக்கம் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுக்கியும் அளக்க வேண்டும். காலிப்பர் மேல் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். டயர் போடாத ரிம்மை மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி.

நட்டையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நட் ஏறும் போல்ட்டான ஸ்டட், 2014 வரை மஸ்டாங்கில் அரை அங்குலம், 2015 முதல் 14 மி.மீ. டிராக் வீல்கள் பலவற்றுக்குக் கூம்பு நட் ஆகாது. துளைக்குள் இறங்கும் கழுத்துள்ள நட்டும் வாஷரும் வேண்டும். அமெரிக்க டிராக் ரேஸை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி, மரை குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது பிடித்திருக்க வேண்டும். 14 மி.மீ. ஸ்டட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். நட்டைக் கையால் திருகும்போது எண்ணிப் பாருங்கள். மரை கடித்த பிறகு ஒன்பது சுற்றுக்கு மேல் போகாவிட்டால் அந்த வீலோடு ஓடாதீர்கள்.

நம்பிக்கை: அகலம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும்.

தரையில் பதியும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை பாரமும் காற்றழுத்தமும். அகலம் கூடினால் பதிவின் வடிவம் மாறும், பரப்பு அதே அளவுக்குப் பெருகாது. பிடிப்பு வருவது ரப்பர் கலவையிலிருந்தும் பக்கச்சுவரின் இளக்கத்திலிருந்தும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி புடைத்து ஓரங்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும்.

நம்பிக்கை: டி.ஓ.டி. முத்திரை இருக்கிறது, தினமும் ஓட்டலாம்.

அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதியை இந்த டயர் நிறைவேற்றுகிறது என்று தயாரிப்பாளரே கொடுக்கும் உறுதிதான் அந்த முத்திரை. மழையில் எப்படி ஓடும், எத்தனை மாதம் தாங்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. டயர் எவ்வளவு உழைக்கும் என்று காட்டும் தேய்மான எண், சாதாரணச் சாலை டயர்களில் 400, 500 என்று இருக்கும். டிராக் ரேடியலில் 100 அல்லது அதற்கும் கீழே, சிலவற்றில் 00. டயர் முகத்தில் பள்ளங்கள் குறைவு, ஆழமும் குறைவு. தேங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும், அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் கேட்காது. உறைகுளிரில் கலவை இறுகிப் பிடிப்பை இழக்கும், விரிசலும் விடலாம். ஸ்ட்ரிப்புக்கு ஒரு ஜோடி, சாலைக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றுவதுதான் சரி.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பின்னால் பயஸ் ஸ்லிக் (உள்ளிழைகள் சாய்வாக ஓடும், பள்ளமில்லாத பந்தய டயர்), முன்னால் சாதாரண ரேடியல் (உள்ளிழைகள் நேர்குறுக்காக ஓடும் டயர்) என்று கலப்பது. இரண்டும் பக்கவாட்டில் வெவ்வேறு விதமாக நெளிகின்றன. அதனால் முடிவுக்கோட்டு வேகத்தில் கார் அலையத் தொடங்கும். பயஸ் என்றால் நான்கும் பயஸ், ரேடியல் என்றால் நான்கும் ரேடியல்.

நம்பிக்கை: காற்றை இறக்க இறக்க நல்லது.

பயஸ் ஸ்லிக் தாங்கும் அளவுக்கு ரேடியல் தாங்காது. மிகவும் இறக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி, ஓரங்கள் மட்டும் தரையைத் தொடும். ரிம்மிலிருந்து டயருக்குக் குறுக்காக ஒரு சுண்ணக்கோடு போட்டுவையுங்கள். ஓட்டம் முடிந்து பார்க்கும்போது கோடு உடைந்து விலகியிருந்தால், ரிம்முக்குள் டயர் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதே டயரோடு வீடு திரும்புவதானால் முதலில் காற்றை ஏற்றியாக வேண்டும், டிக்கியில் ஒரு சிறிய பம்ப் இருக்கட்டும்.

நம்பிக்கை: முன்னாலும் ஒல்லி வீல் போட்டால்தான் முழுப் பயன்.

ஒல்லி வீலால் எடையும் உருளும் தடையும் குறைவது உண்மைதான். ஆனால் பிரேக்கின் பெரும்பங்கு முன்சக்கரங்கள் மேல்தான் விழுகிறது. டீமனோடு தனிப்பெட்டியில் வந்த ஒல்லி முன்வீல்களையும் டாட்ஜ் டிராக் ஸ்ட்ரிப்புக்கென்றே கொடுத்தது. உங்களிடம் அப்படிப்பட்டவை இருந்தால் அங்கேயே மாட்டி அங்கேயே கழற்றுங்கள். கையிருப்பு ஒரு ஜோடிக்குத்தான் என்றால் பின்ஜோடியை வாங்குங்கள், முன்னால் கம்பெனி வீலே இருக்கட்டும்.