செயலியைக் கமக்காரர் கையிற் சேர்ப்பித்தல்

கத்தரியில் நோய் கண்டபின் ஆலோசனை ஒரு கிழமை பிந்தி வருமாயின் அதனாற் பயன் சிறிது. கைத்தொலைபேசிச் செயலிகள் இத்தாமதத்தைக் குறைக்க வல்லன. ஆயினும் மின்னஞ்சல், கடவுச்சொல், ஆங்கில அறிவிப்பு என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்குமிடத்துப் பலர் பாதியிலேயே கைவிட்டுவிடுகின்றனர். செயலி எத்துணைச் சிறந்ததாயினும் கைக்கு வந்து சேராவிடின் பயனில்லை.

2015 ஆம் ஆண்டில் டயலொக் நிறுவனம் தொடங்கிய ‘உழவர் தோழன்’ சேவை இத்தடையை வேறு வழியாற் கடந்தது. சிங்களத்தில் ‘கொவி மித்துரு’ எனப்பட்ட அச்சேவையைப் பெறத் தொலைபேசியில் எதனையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. 616 என்னும் இலக்கத்தை அழைத்துப் பயிரையும் இடத்தையும் பதிந்தவர்களுக்கு, பயிரின் பருவத்துக்கேற்ற அறிவுரைகள் குரற்செய்தியாக வந்தன. பொத்தான் உள்ள பழைய தொலைபேசியே போதியதாயிருந்தது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனை இலக்கமும் அவ்வகையினதே. ஆனால் இலையிற் கண்ட புள்ளியைக் குரலாற் காட்ட முடியாது. படம் அனுப்புதற்குச் செயலி வேண்டும்.

செயலியைப் பிளே ஸ்ரோரிலிருந்தே பெறுதல் வேண்டும். வட்ஸ்அப் வழியாக வரும் செயலிக் கோப்பை ஏற்றுதல் எளிதெனத் தோன்றும். ஆபத்தும் அங்கேதான் உண்டு. மானியம் தருவதாகக் கூறி வரும் பொய்ச் செயலி, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கங்களைக் குறுஞ்செய்தியிலிருந்து படித்துவிடக்கூடும். 2017 இல் வெளியான அன்ட்ரோயிட் 8 முதல், இத்தகைய கோப்பை ஏற்றுமுன் தொலைபேசி தனியாக அனுமதி கேட்கும். அவ்வனுமதியைக் கொடாதீர்கள். அத்தாட்சிச் சீட்டில்லாத விதைநெல்லை நாம் வாங்குவதில்லை அன்றோ?

இதனை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து தனியே முயல்வதிலும், காலபோக விதைப்புக்கு முன் கமநல சேவை நிலையத்திற் கூடும் நாளிற் செய்துகொள்ளுதல் நன்று. விபரமறிந்த இளைஞர் ஒருவர் அருகிலிருந்து வழிகாட்டலாம். ஆனால் விரலால் அழுத்துபவர் தொலைபேசிக்கு உரியவராகவே இருத்தல் வேண்டும். மொழியைத் தமிழாக்கி, முற்றத்துச் செடியொன்றைப் படமெடுத்து அனுப்பிப் பார்த்த பின்னரே வீடு திரும்புக.

கணக்கை உங்கள் பெயரிலேயே திறக்க வேண்டும். நம் ஊர்களிற் பிள்ளைகள் தம் பெயரிற் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு வெளிநாடு சென்றுவிடுகின்றனர். தொலைபேசியை மாற்றும்போது கடவுச்சொல்லுக்காகக் கனடாவில் விடியும்வரை காத்திருக்க நேரிடுகின்றது.

திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பதற்குச் செயலியே வேண்டியதில்லை. தளத்தைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘முகப்புத் திரையிற் சேர்’ என்பதைத் தெரிவு செய்தால் அது சிறு படமாகத் தங்கிவிடும். செயலியை ஏற்ற இடம் போதாவிடின், பழைய காணொளிகளை அழித்து இடஞ் செய்துகொள்க.