பகிர்ந்து தங்கும் அறையும் பணப்பையும்

தனியே பயணம் செய்வோர் ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் விடுதிகளை இன்றைய இளைஞர்களின் கண்டுபிடிப்பு என நம்மில் பலர் கருதுகிறோம். கொல்கத்தாவில் சில நாள்கள் தங்கினால் அக்கருத்து மாறிவிடும். அந்நகரில் ‘மெஸ் பாரி’ என்னும் ஏற்பாடு நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது. ‘பாரி’ என்றால் வங்காள மொழியில் வீடு. மாவட்டங்களிலிருந்து படிக்கவும் பணிபுரியவும் வந்த ஆடவர், சீல்தா நிலையத்துக்கும் கல்லூரிச் சாலைக்கும் அண்மையில், கட்டிலுக்கு இவ்வளவு வாடகை என ஒப்புக்கொண்டு கூடி வாழ்ந்தனர்.

வங்காளிகள் இந்த வீடுகளைக் கதையிலும் திரையிலும் அன்போடு பதிந்துவைத்துள்ளனர். துப்பறியும் பியோம்கேஷ் பக்சியும் அவருடைய நண்பர் அஜித்தும் முதலில் சந்திப்பது ஒரு மெஸ்ஸில்தான். பிரேமேந்திர மித்ராவின் ‘கனாதா’ தம் புளுகுகளை அவிழ்த்துவிடுவதும் ஒரு மெஸ்ஸின் மாடியறையில். உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் இணைந்து நடித்து 1953இல் வெளிவந்த ‘ஷாடே சுவாத்தர்’ படம் முழுவதும் ஒரு போர்டிங் வீட்டைச் சுற்றியே நிகழ்கிறது.

வணிகவியல் படித்த நமக்கு இவற்றைவிடச் சுவையானது மெஸ்ஸின் கணக்கு முறை. உறுப்பினருள் ஒருவர் அம்மாதத்துக்கு மேலாளர் ஆவார். கடைச்செலவு முழுவதையும் அவர் ஒரு நோட்டில் எழுதிவருவார். யார் எத்தனை வேளை உண்டார் என்பது மற்றொரு பக்கத்தில் இருக்கும். மாத முடிவில் மொத்தச் செலவை மொத்த வேளைகளால் வகுத்தால் ஒரு வேளையின் விலை கிடைக்கும். செலவு 30,000 ரூபாய், உண்டவை 600 வேளைகள் என்றால் வேளைக்கு 50 ரூபாய். ஊருக்குச் சென்றவர் உண்ணாத வேளைக்குப் பணம் தரவேண்டியதில்லை. விருந்தினரை அழைத்துவந்தவர் கணக்கில் அவருடைய வேளையும் ஏறும். பின்னாளில் நாம் பாடநூலில் பயின்ற அலகுச் செலவுக் கணக்கை, சமையலறை வாயிலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டே அவர்கள் நடத்திவிட்டார்கள்.

அடுக்குக் கட்டில்கள் கொண்ட புதிய விடுதிகளில் அந்த நோட்டு இல்லை. மனிதர் மட்டும் மாறவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவர் நெகிழிப் பைகளைக் கலகலக்கத் தேடுவார். இன்னொருவர் அலாரம் வைத்துவிட்டுத் தாமே எழமாட்டார். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட வேண்டும் என்பாருக்கும் குறைக்க வேண்டும் என்பாருக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்படுவதே இல்லை. மழைக்காலத்து ஈரக்காற்றில் துவைத்த துணி இரண்டு நாளாகியும் உலராமல் எல்லார் தலைக்கும் மேலே தொங்கும். இவற்றை நாம் குறையாகச் சொல்லவில்லை. காதடைப்பானும் சொந்தப் பூட்டும் எடுத்துச் சென்றால் போதும். பெட்டகம் இருக்கும், பெரும்பாலும் பூட்டு இருக்காது.

நமக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுவோம். பயிற்சி ஒன்றுக்காகச் சென்று அத்தகைய விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, காலையில் கண்விழித்தால் தலையணைக்கடியில் வைத்திருந்த கைப்பேசியைக் காணோம். முதலில் நாம் ஐயுற்றது மேல்கட்டிலில் இருந்த இளைஞரை. மேதினிப்பூரிலிருந்து தேர்வெழுத வந்தவர். அவரோ இறங்கிவந்து தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். அதிலிருந்தே வங்கிக்குப் பேசி யுபிஐயை நிறுத்தினோம். பதற்றத்தில் பற்று அட்டையையும் நிறுத்தினோம். பிறகு சிம் அட்டையை முடக்கச் சொன்னோம்.

வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் நாம் சொல்லும் வரிசை அதுவே. கணக்கில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதும் அன்று, வாடிக்கையாளருடையதும் அன்று எனில், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. ரகசிய எண்ணைப் பிறரறியச் செய்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பைத் தாமே ஏற்கவேண்டும். எனவே அடுத்த கட்டில் கைக்கெட்டும் தொலைவில் உள்ள அறையில் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேனும் அந்த எண்ணை அழுத்துவது நன்று. அடையாளச் சான்றாக ஆதார் நகலைத் தரும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம்.

வரிசையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையில் மட்டும் ஒரு காசில்லை. நண்பகலில் புதிய சிம் பெற்றோம். ஆனால் மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது என்பது மோசடியைத் தடுக்க ஏற்பட்ட விதி. ஒருமுறைக் கடவுச்சொல் இன்றி எதையும் மீட்க இயலவில்லை. அட்டையை நிறுத்தாதிருந்தால் ஏடிஎம்மில் எடுத்திருக்கலாம். இரண்டாவது அட்டை ஒன்றும் 2,000 ரூபாய் ரொக்கமும் பையின் வேறு மூலையில் இருந்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யுமாறு எத்தனை பேருக்கு அறிவுரை கூறியிருப்போம்!

மாலையில் விடுதிப் பணியாளர் கைப்பேசியைக் கொண்டுவந்தார். சலவைக்குப் போன போர்வை மூட்டைக்குள் கிடந்ததாம். போர்வையைச் சுருட்டிக் கூடையில் போட்டவர் நாமேதான்.

இடையில் வரியையும் குறிப்பிடவேண்டும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்குமுன் 12. மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத வாடகையில் தொடர்ந்து 90 நாள்களேனும் தங்குவோருக்கு 2024 ஜூலை முதல் வரிவிலக்கு உண்டு. பிள்ளைகளை வெளியூர் விடுதிகளில் சேர்த்துள்ள பெற்றோர் ரசீதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த இரண்டு நாள்களும் காலைக் கச்சோரியிலிருந்து இரவுச் சோறு வரை நமக்கு வாங்கித் தந்தவர் அந்த இளைஞரே. காலையில் அவரை ஐயுற்றதை நாம் சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை. கணக்கு மீண்டதும் அவருக்கு 500 ரூபாய் அனுப்பினோம். சற்று நேரத்தில் 60 ரூபாய் திரும்பி வந்தது. குறிப்பில் எழுதியிருந்தார்: “உங்கள் பங்கு 440 தான், தாதா.”