பிடிப்பும் பிணைவும்

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர், விடியற்காலை முதல் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்தனர். இத்தகைய உழைப்பால் இடுப்பும் முழங்காலும் விறைத்தால், அதனைப் ‘பிடிப்பு’ என்பது மக்கள் வழக்கு. மருத்துவத்தில் ‘அங்கிலோசிஸ்’ என்றொரு சொல் உண்டு. ‘வளைந்தது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் அதனை ‘மூட்டுப் பிணைவு’ எனலாம்.

பிடிப்பும் பிணைவும் ஒன்றல்ல. பிடிப்பில் அசைவு குறையும்; பின் மீளும். பிணைவிலோ, காயம், கிருமித்தொற்று, நெடுநாள் அழற்சி போன்றவற்றால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூட்டு அசையாது போகும். பல் தாடையெலும்போடு ஒட்டிக்கொள்வதையும் பல் மருத்துவர்கள் இதே சொல்லால் குறிப்பர்.

முதுகெலும்பைப் பிணைக்கும் ஒருவகை அழற்சி பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்குகிறது. அவ்வலி ஓய்வால் குறைவதில்லை. உடலை அசைத்தால் தணிகிறது. ‘வேலை செய்த அலுப்பு, படுத்தால் சரியாகும்’ என்று தள்ளிப்போட்டால், நாளடைவில் முதுகு வளைந்தே இறுகிவிடலாம். முற்றிய பிணைவு தானாக விலகாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால், மருந்தும் உடற்பயிற்சியும் அசைவைக் காக்க உதவும்.

ஆகவே, வலி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். ‘வலிக்கிறது’ என்பதோடு நில்லாமல், எப்போது வலிக்கிறது, எதனால் தணிகிறது என்பதையும் அவரிடம் தெளிவாகக் கூற வேண்டும்.