பர்மா: ஓராண்டும் பதின்மூன்று நாளும்

ஆண்டென்றால் ஜனவரியில் பிறந்து டிசம்பரில் முடிவது. ஆனால் பர்மாவின் 1988ஆம் ஆண்டை அவ்வாறு படித்தால் பாதிதான் விளங்கும். 1987 செப்டம்பர் 5இல் தொடங்கி 1988 செப்டம்பர் 18இல் முடிந்த ஆண்டு அது என்பேன்.

தொடக்க நாளில் 25, 35, 75 கியாத் தாள்கள் செல்லாவென்று அரசு அறிவித்தது. மாற்றிக்கொள்ள வழியில்லை. கல்லூரிக் கட்டணத்திற்கென்று வீட்டார் கொடுத்தனுப்பிய பணம் ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. பின்னர் வந்த புதுத் தாள்கள் 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடுவன! ஒன்பதாம் எண்ணில் நீ வின்னுக்கு இருந்த நம்பிக்கையே காரணம் என்று ஊர் பேசிற்று. 1962இல் பட்டாளத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தவர் அவர். அவ்வாண்டு ஜூலையில் இரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இலும் 50, 100 கியாத் தாள்கள் இப்படியே செல்லாதனவாயின. அந்த நாளில் வெறுங்கையோடு கப்பலேறிய தமிழர் பலர். சென்னைப் பர்மா பஜார் அவர்கள் பெயரால் எழுந்ததுதான்.

1988 மார்ச் 12இல் இரங்கூன் தொழில்நுட்பக் கழகத்தின் அருகே ஒரு தேநீர்க்கடையில் கைகலப்பு. மாணவரை அடித்தவர்களுள் ஒருவன் அதிகாரியின் மகன். போலீசார் அவனை விட்டுவிட்டனர். மறுநாள் மாணவர் கிளர்ந்தபோது போன் மோ என்னும் பொறியியல் மாணவர் குண்டுபட்டு இறந்தார். மார்ச் 16இல் இன்யா ஏரிக்கரையில் ஊர்வலத்தை மறித்து அடித்தனர். கைதானோரைச் சிறைக்குக் கொண்டுசென்ற வண்டியில் 41 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். இதனை அரசு ஒப்புக்கொண்டது ஜூலையில்தான். இக்கிளர்ச்சியை மூட்டியவர்கள் அரசியல் நூல் கற்றவர்கள் அல்லர். நம்மில் பலரைப் போல மின்சுற்றும் பாலக்கணக்கும் படித்தவர்கள்.

ஜூலை 23இல் நீ வின் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். போகிற போக்கில், பட்டாளம் வானத்தை நோக்கிச் சுடாது என்றும் எச்சரித்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் செய்ன் லுவின். 'இரங்கூன் கசாப்புக்காரர்' என்று மக்கள் பெயரிட்டிருந்தவர். ஆகஸ்டு 8இல் நாடெங்கும் வேலைநிறுத்தம். அன்றிரவே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. ஆகஸ்டு 12இல் அவரும் பதவி விலகினார்.

நண்பர்களே, அதன் பின் வந்த ஐந்து வாரங்களைத்தான் ஊன்றிப் படிக்கவேண்டும். சட்ட அறிஞர் மாங் மாங் தலைவரானார். ஆனால் அவர் ஆணை தெருவரைக்கும் செல்லவில்லை. பல ஊர்களில் பிக்குகளும் தெருக் குழுக்களும் காவல் காத்தனர். அரசு ஊழியர் வெளியே வந்தனர். விமானப் படையினர் சிலரும் ஊர்வலத்தில் சேர்ந்தனர். ஆகஸ்டு 26இல் ஷ்வேடகோன் கோயிலருகே ஆங் சான் சூ சீ பேச, இலட்சக்கணக்கானோர் கூடினர். இடைக்கால அரசு வேண்டும் என்றனர் அனைவரும். யார் தலைமையில் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. செப்டம்பர் 9இல் முதியவர் ஊ நூ தாமே ஓர் அரசை அறிவித்தார். மற்றத் தலைவர்கள் சேரவில்லை. அவர்மீது மட்டும் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனாலும் அரசு இயந்திரம் முழுதும் கழன்று கிடந்த அந்நாட்களில் கழலாமல் நின்றது தரைப்படை ஒன்றே. படைத்தலைவர்கள் பிரியவில்லை; பாசறையில் காத்திருந்தனர். ஆட்சி விழுந்ததென்று தெரு நம்பியபோது, அதன் முதுகெலும்பு அப்படியே இருந்தது.

செப்டம்பர் 18இல் தளபதி சா மாங் ஆட்சியைக் கைப்பற்றினார். மறுபடியும் தெருவில் குண்டுகள். இறந்தவர் தொகையை அரசு சில நூறு என்றது. 3,000 என்பார் பிறர். ஆயிரக்கணக்கான மாணவர் காடு கடந்து தாய்லாந்து எல்லை சேர்ந்தனர். மலேரியாவும் அங்கே காத்திருந்தது.

வாக்களித்தபடி 1990 மே மாதம் தேர்தல் நடந்தது. 485 இடங்களில் 392ஐச் சூ சீயின் கட்சி வென்றது. அவர் அப்போது வீட்டுக் காவலில் இருந்தார். பட்டாளம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை.