மணல் படியும் மூலை

அன்பின் மருமகளுக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. கல்லடியில் உங்கள் ஒழுங்கையை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஏற்றதாகத் திருத்தி வரைய வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். படத்தில் இரண்டு பக்கமும் நடைபாதை, நடுவில் அகலமான தார் றோட்டு, ஓரத்தில் சைக்கிளுக்குப் பச்சைக் கோடு. வரைந்த கை நல்ல கை. ஆனால் அந்தத் தெரு உங்களுடையது அல்ல. மதிலுக்கு மதில் பதினைந்து அடி தேறாத இடத்தில் இத்தனையும் எப்படி அடங்கும்?

அந்த ஒழுங்கை எப்படி உண்டானது என்று முதலில் யோசி. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. தாய் தன் வளவைப் பிரித்து மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க, அக்கா தங்கை வீடுகள் அருகருகே எழும்புகின்றன. காத்தான்குடியில் இது இன்னும் நெருக்கம். ஆகவே அந்த ஒழுங்கையில் நாள் முழுக்க நடப்பது அம்மம்மா வீட்டுக்குக் கறி கொண்டுபோகும் பிள்ளையும், சின்னம்மாவைப் பார்க்கப் போகும் உன் அம்மாவும்தான். வளவுகள் பிரிந்தபோது ஆட்கள் நடக்க விட்ட இடைவெளி அது. லொறி பின்னால் வந்தது.

இப்படித் தெருவை ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களைப் பற்றிப் படித்திருப்பாய். அவர்களின் கப்பல் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். 1638இல் அவர்கள் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஒல்லாந்தரின் நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400க்கும் மேல் சிறுபிள்ளைகள். பெற்றோர் போராடத் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். டெல்ஃப்ற் நகரத்தில் (நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த பெயரும் இதுதான்) அதற்குச் சில வருடம் முன்பே சில தெருக்களைப் புதுவிதமாக மாற்றியிருந்தார்கள்: தனி நடைபாதை கிடையாது, எல்லாம் ஒரே மட்டம், இடையிடையே மரமும் வளைவும், வாகனம் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வரவேண்டும். 1976இல் அது சட்டமானது. அதற்கு ‘வோனெர்ஃப்’ என்று பெயர். ‘எர்ஃப்’ என்றால் வளவு. குடியிருக்கிற வளவு! உனக்கு அந்தச் சொல்லை நான் விளக்கவே தேவையில்லை.

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கணக்காகப் பார். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிறவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் எடுத்தாலே கிட்டத்தட்ட 14 மீற்றர் கடந்துவிடுவார். 30இல் அது எட்டு மீற்றர் சொச்சம். மோதினால் அடியின் சக்தி வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 50க்கும் 30க்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு. உங்கள் படலையிலிருந்து 14 மீற்றர் அளந்து பார். எத்தனை படலை தாண்டுகிறது என்று தெரியும்.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? ‘மெதுவாகச் செல்லவும்’ பலகை போதாது. மூலையைப் பார். ஒழுங்கை பெரிய வீதியில் சேரும் இடத்தை அகலமாக வளைத்துவிட்டால் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வேகம் குறையாமல் திரும்பும். ஒடுக்கிவிட்டால் பிரேக் பிடித்தே ஆகவேண்டும். எவ்வளவு ஒடுக்கலாம் என்பதை உங்கள் மண்ணே சொல்லும். கல்லடி முழுக்கக் கடற்கரை மணல். காற்றும் மழையும் கொண்டுவரும் மணல், சக்கரம் உருளும் இடத்தில் நிற்காது. உருளாத இடத்தில் படிந்து கிடக்கும். மூலையில் அது அரைநிலா வடிவில் கிடப்பதைக் கண்டிருப்பாய். அந்த அரைநிலா அளவுக்குத் தார் வீண். அதை நடப்பவருக்குக் கொடு, ஒரு வேம்பு நடு. விளிம்பை மட்டும் பதிவாகக் கட்டு. அம்புலன்ஸ் வந்தால் ஏறித் திரும்ப வேண்டும்.

அடுத்தது கான். எனக்குப் பதினாலு வயதில், மாரி மழை வெள்ளத்தில் றோட்டும் கானும் ஒரே தண்ணீராகக் கிடந்தபோது, விளிம்பு தெரியாமல் சைக்கிளோடு உள்ளே போனேன். இடது மணிக்கட்டு முறிந்தது. மூடி ஒன்று கழன்று நெடுநாளாகியிருந்தது, எவரும் போடவில்லை. கானை றோட்டு மட்டத்தில் மூடினால் அதுவே நடைபாதை. இரும்புக் கம்பி மூடி வைக்கும் இடத்தில் கம்பிகள் வீதிக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாட்டில் இருந்தால் சைக்கிள் சில்லு இறங்கிவிடும். வேகத்தடை போட்டால் இரண்டு கரையிலும் இரண்டடி விடு. தண்ணீரும் ஓடும், பின்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிளும் குலுங்காமல் போகும்.

சைக்கிளுக்கு இனி ஆர் வருவார் என்று உன் வகுப்பில் கேட்பார்கள். 2022 ஆனி மாதக் கடைசியில் பெற்றோல் நின்றபோது ஊரே எதில் ஏறியது என்று கேள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கால் மணித்தியால நடைதான் கல்லடியின் அகலம். கல்லடிப் பாலத்தையும் காட்டு. 1924இல் திறந்த பழைய பாலம் ஒடுக்கமானது. அந்நாளில் ஒரு பக்கம் வர மறுபக்கம் காத்து நின்றது. 2013இல் புதுப் பாலம் திறந்தபோது பழையதை உடைக்காமல் விட்டார்கள். பின்னேரத்தில் அங்கே போய் நில். காற்று வாங்க வருபவர்களின் பேச்சு, லொறிச் சத்தத்துக்கு மேலே கத்தாமல், உனக்குக் கேட்கும்.

படத்தை இப்போதைக்கு ஒதுக்கி வை. நல்ல மழை விட்ட மறுநாள், தெரு கூட்டுகிறவர்கள் வரமுன், விடியப்புறம் ஆறரைக்குள் வெண்கட்டியோடு மூலைக்குப் போ. தம்பியையும் கூட்டிப் போ, ஒருவர் வாகனம் பார்க்கவேண்டும். மணலின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, அடிக்கோலால் அளந்து, எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா