இலகு குதிரைப் படையின் உடையும் கருவியும்

தோற்றுவாய்

எமது மாணவன் ஒருவன் அண்மையில் எம்மை ஒரு வினா வினவினான். “ஐயா, போருக்குப் போகிறவனுக்குச் சரிகையும் குஞ்சமும் எதற்கு?” என்பதே அது. பழைய படமொன்றிலே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குதிரை வீரனைக் கண்டதனால் எழுந்த ஐயம் இது. வினா சிறிது, விடையோ பெரிது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்க்கும் பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

குதிரைப் படை தமிழர்க்குப் புதியதன்று. பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயரிட்டுக் குதிரையைப் போற்றியது எம்மொழி. புறத்திணையிலே ‘குதிரை மறம்’ என்றொரு துறையும் உண்டு. நாம் இங்கு ஆராய்வது ஐரோப்பியர் வகுத்த இலகு குதிரைப் படையையாம். வேவு பார்த்தல், காவல் நிற்றல், புறமுதுகிட்டாரைத் துரத்தல் என்பன அதன் தொழில்கள். விரைவே அதன் உயிர்.

உடை

இப்படையின் உடைக்கு அங்கேரி நாட்டு ‘உசார்’ வீரரே முன்மாதிரி. மார்பிலே வரிவரியாகப் பின்னிய கயிற்றுச் சரிகை, இடத்தோளிலே தொங்கும் மயிரோரச் சிறு மேற்சட்டை, இடையிலே வாட்பட்டியினின்றும் தொங்கும் தோற்பை என்பன அவர்தம் அடையாளங்கள். சென்னை இராசதானியின் இலகு குதிரைப் படையினர் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறச் சட்டையும் வெள்ளிச் சரிகையும் அணிந்தனர்.

இவ்வலங்காரம் வெறும் பகட்டுமன்று. புகை சூழ்ந்த களத்திலே தன் படை இது, மாற்றான் படை இது என அறிதற்கு நிறம் உதவியது. ஆயினும் ஆளும் உடையும் கருவியும் சேணமுமாகக் குதிரையொன்று 250 இறாத்தலுக்கு மேற்பட்ட பாரத்தைச் சுமந்தது. பெயரளவில் ‘இலகு’, குதிரையின் முதுகுக்கோ அது இலகுவன்று.

கருவி

தோட்பட்டியிற் கொளுவிய குறுந்துப்பாக்கி, தோட்டாப் பெட்டி, வளைந்த வாள் என்பன வீரனின் கருவிகள். 1796இல் பிரித்தானியர் ஏற்றுக்கொண்ட வாளின் அலகு ஏறத்தாழ 33 அங்குல நீளமுடையது, வெட்டுதற்கே அமைந்தது. அதன் உறை இரும்பாலானது. உருவுந்தோறும் செருகுந்தோறும் இரும்போடு உராய்ந்து வாளின் கூர் மழுங்கிற்று.

கப்பித்தான் நோலன் 1853இல் வெளியிட்ட குதிரைப் படை பற்றிய நூலில் ஒரு செய்தியைக் கூறுகின்றார். ஐதராபாத் நிசாமின் குதிரை வீரரது வாள்கள் பயங்கரமான காயங்களை விளைத்தன. அவற்றை ஆராய்ந்தபோது, பிரித்தானியப் படை கழித்துவிட்ட பழைய அலகுகளே அவை என்பது தெரிந்தது. நிசாமின் வீரர் அவற்றை நன்கு தீட்டி, மர உறையிலிட்டு, போரிலன்றி வெளியே எடாது காத்தனர். வாள் ஒன்றே, பேணும் வகையே வேறு.

உடை விளைத்த கலகம்

உடையைப் பற்றிப் பேசுவோர் வேலூரை மறத்தலாகாது. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது. அணிவகுப்பிலே சிப்பாய்கள் நெற்றியிற் சமயக் குறி அணிதலாகாது. தாடி மழித்தல் வேண்டும். தோற்சின்னம் பொருந்திய புதிய தலைப்பாகை தரித்தல் வேண்டும் என்பன அவ்வாணையின் கூறுகள். புதிய தலைப்பாகையைத் தொப்பி எனக் கருதி மறுத்த சிப்பாய்களுள் இருவர் தலைக்கு 900 கசையடி பெற்றனர்.

1806 யூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் கலகம் மூண்டது. செய்தி ஏறத்தாழ 16 மைல் தொலைவிலிருந்த ஆர்க்காட்டை எட்டியதும், கில்லெசுப்பி என்பார் 19ஆவது இலகு குதிரைப் படையுடன் விரைந்தார். சென்னைக் குதிரைப் படையினரும் உடன் வந்தனர். குதிரைகள் இழுத்து வந்த இலகு பீரங்கிகளாற் கோட்டைக் கதவு தகர்க்கப்பட்டது. கலகம் அன்றே குருதியில் ஒடுக்கப்பட்டது. திப்புவின் மைந்தர் அக்கோட்டையிற் சிறையிருந்தமை முதலாகக் காரணங்கள் வேறுமுள. எனினும் ஆணை பின்னர் மீட்கப்பட்டது. தளபதி கிரதொக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பியழைக்கப்பட்டனர். ஒரு தலைப்பாகை ஓர் ஆளுநரின் பதவியை அசைத்தது.

காக்கியும் மலைநாடும்

1846இல் பெசாவரில் அமைந்த வழிகாட்டிப் படை மண்ணிற உடையை மேற்கொண்டது. ‘காக்’ என்னும் பாரசீகச் சொல் புழுதியைக் குறிக்கும். ‘காக்கி’ அதன் வழிவந்தது. துப்பாக்கியின் எல்லை நீளவே, பளிச்சிடும் நிறம் ஆபத்தாயிற்று, சரிகை மறைந்தது. இலங்கையில் 1892இல் குதிரையேறிய காலாட்படை தோன்றியது. மலைநாட்டுத் தோட்டத் துரைமார் பலர் அதிற் சேர்ந்தனர். 1900இல் ஒரு பிரிவு தென்னாபிரிக்கப் போருக்குச் சென்றது. இவர்கள் குதிரையிற் சென்று, இறங்கி நின்று துப்பாக்கியாற் போரிடுவோர். ஆதலின் வாட்படையின் வேறாவர்.

முடிவுரை

ஈண்டு எமது பிழையொன்றையும் கூறல் தகும். பல்லாண்டுகளுக்கு முன், வட்டவளையில் மழை கொட்டிய ஒரு காலையில், மேற்பிரிவிலிருந்து மாணவன் ஒருவன் வெறுங்காலுடன் வந்தான். காரணம் வினவாது அவனை வகுப்பின் வெளியே நிறுத்தினோம். மணியடித்த பின்னரே அவனது புத்தகப் பையினுள் பொலித்தீனிற் சுற்றிய வெண்சப்பாத்துகளைக் கண்டோம். குழாயடியிற் கால் கழுவி அணிதற்காக அவன் அவற்றை நனையாது சுமந்து வந்திருந்தான். இருந்தது அந்த ஒரு சோடியே. நிசாமின் வீரன் வாளைப் பேணியது போல அவன் தன் சீருடையைப் பேணினான். நாமோ வேலூர் ஆணையிட்டாரைப் போல நடந்துகொண்டோம். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

சீருடை ஒழுங்கைத் தருவது, அதனை மறுப்பாரல்லோம். ஆனால் உடையைப் பார்ப்பவன் அதனுள் நிற்கும் மனிதனையும் பார்த்தல் வேண்டும். ஆசிரியராகப் புகவிருக்கும் மாணவர்க்கு இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.